மார்கழித் திருவாதிரையில் முழுச் சந்திர கிரகணம்: பல்லவர், சோழர் கோயில்களுக்கு ஆறு நாள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2028 டிசம்பர் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு தமிழ்நாடு முழுவதும் தெரியும்படி முழுச் சந்திர கிரகணம் நிகழ்கிறது. அதை நடுவில் வைத்து, டிசம்பர் 28 வியாழன் காலை சென்னையில் தொடங்கி ஜனவரி 2 செவ்வாய் அன்று தஞ்சாவூரில் முடியும் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் கல்வெட்டும் வானமும் பிடித்த நாலைந்து பேர். ஒரு சிறிய வேனில் போகிற அளவுக்குத்தான் ஆட்களைச் சேர்க்கிறோம். இதுவரை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

இவ்வளவு நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? நடுவில் வேறு கிரகணமே இல்லையா?

இருக்கின்றன, ஆனால் நமக்குத் தோதாக வருபவை குறைவு. 2026 மார்ச் 3 கிரகணம் தமிழ்நாட்டில் நிலா எழும்போதே விடும் தறுவாயில் இருக்கும் ஒன்று. 2026 ஆகஸ்ட் 28 கிரகணம் நடக்கும்போது இங்கே பகல். 2027-இல் வருபவை எல்லாம் புறநிழல் கிரகணங்கள். நிலா லேசாக மங்கும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 2028 ஜூலை 6 நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம் நமக்குத் தெரியும், நிலாவின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மறையும். முழுவதும் மறைவதை, அதுவும் குழந்தைகள்கூட விழித்திருக்கும் நேரத்தில், தலைக்கு மேல் பார்க்க வேண்டுமானால் டிசம்பர் 31-தான். அதை விட்டால் 2029 டிசம்பர் 21 விடியற்காலை நாலு மணிக்கு ஒன்று வருகிறது. அந்த நேரத்துக்கு ஊர் கூட்டிப் பார்ப்பது கஷ்டம்.

அன்று இரவு எத்தனை மணிக்கு என்ன நடக்கும்?

சூரியன் மறைவதை ஒட்டியே கிழக்கில் முழு நிலா எழுந்துவிடும். இரவு 8.37 மணி அளவில் கிரகணம் பிடிக்கத் தொடங்கும். 9.46-க்கு நிலா முழுவதுமாகப் பூமியின் நிழலுக்குள் போய்விடும். 10.22-க்கு நடுக்கட்டம். 10.57-க்கு ஓர் ஓரத்தில் வெளிச்சம் திரும்பும். நள்ளிரவு 12.06-க்குக் கிரகணம் முழுதாக விடும். அதாவது பிடித்தது 2028-இல், விடுவது 2029-இல்!

முழு மறைவு மட்டும் 71 நிமிடம். அந்த நேரத்தை நாங்கள் பெரிதாக நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கிக் கிடந்த விண்மீன்கள் எல்லாம் அப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். நிலா அப்போது இருப்பது திருவாதிரை நட்சத்திரத்தின் எல்லைக்குள். திருவாதிரை என்று நாம் சொல்லும் அந்தச் செந்நிற விண்மீன், நிலாவிலிருந்து 20 பாகை அளவு தள்ளித் தெரியும். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே எவ்வளவு இடமோ, ஏறத்தாழ அவ்வளவு. சிவந்த நிலாவும் சிவந்த திருவாதிரையும் ஒரே பார்வையில். மார்கழித் திருவாதிரை அன்று இப்படி அமைவது தெரிந்தபோது, இந்தப் பயணத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கிரகணத்துக்கும் பழைய கோயில்களுக்கும் என்ன தொடர்பு? இரண்டையும் வேண்டுமென்றே முடிச்சுப் போடுகிறீர்களா?

இந்தக் கேள்விதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. கிரகண நேரம் தானம் செய்ய உகந்த நேரம் என்று முன்னோர் நம்பினார்கள். அதனால் அரசர்களும் அதிகாரிகளும் ஊர்ச் சபையாரும் நிலமோ பொன்னோ விளக்கெரிக்க ஆடோ கொடுக்கும்போது, இன்ன ஆட்சியாண்டில், இன்ன மாதத்தில், சோமகிரகணத்தின்போது (அதாவது சந்திர கிரகணத்தின்போது) கொடுத்தோம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அவர்கள் புண்ணியத்துக்காக எழுதினார்கள். நமக்கு அதுவே நாட்காட்டியாகிவிட்டது.

எப்படி என்றால், பழைய கல்வெட்டுகளில் கி.பி. ஆண்டு இருக்காது. "கோ இராசகேசரிக்கு யாண்டு ஏழாவது" என்று மட்டும் இருக்கும். அந்த ஏழாவது ஆண்டு எது? யாருக்குத் தெரியும்? ஆனால் கிரகணம் வானில் நடப்பது. அதைப் பின்னோக்கிக் கணக்கிட முடியும். காட்பாடிக்கு அருகே பொன்னையாற்றங்கரையில் திருவல்லம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலில் இராசராச சோழனின் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஐப்பசி விசு நாள், பௌர்ணமி, இரேவதி நட்சத்திரம், சந்திர கிரகணம் என்று நாலையும் சேர்த்துச் சொல்கிறது. ஐப்பசி பிறக்கும் நாளில், இரேவதியில் நிலா இருக்க, கிரகணமும் பிடிக்க வேண்டும். அப்படி எல்லாம் ஒன்றாக வருவது அபூர்வம். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கணக்கிட்டுப் பார்த்து, அது 991 செப்டம்பர் 26 என்று கண்டார். இதையும் வேறு சில கல்வெட்டுகளையும் கோத்துத்தான், இராசராசன் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் நடுவில் ஆட்சிக்கு வந்தான் என்று இன்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன.

தஞ்சைப் பெரிய கோயில் எந்த ஆண்டில் முடிந்தது என்பதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் மேல் வைக்கக் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. 985-ஐத் தொடக்கமாக வைத்து எண்ணினால் 1010 வருகிறது. 2010-இல் ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்தோமே, அந்த எண்ணுக்கு அடியில் ஓர் இரவு மறைந்த நிலா இருக்கிறது. பயணத்தின் முதல் நாளே உங்களைத் திருவல்லத்துக்கு அழைத்துப் போவது இதனால்தான். பெரிய சுற்றுலாப் பேருந்துகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அப்போதைய நம் ஊர்க்காரர்கள் கிரகணத்தை முன்கூட்டியே கணித்தார்களா?

கணித்தார்கள், அதுவும் வியக்கும்படி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல், புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவரின் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ் முறை 41 நொடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் அப்போது சிறந்ததாக எண்ணப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 நொடி கூடுதலாகச் சொன்னது.

அறுபது ஆண்டு கழித்து, அதே புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தாள், எழுதுகோல் எதுவும் இல்லாமல் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே 1825 மே 31 இரவுக் கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கத்தில் நாலு நிமிடம்தான் பிசகு. நடுவுக்கு 23, முடிவுக்கு 52 நிமிடம் பிசகியது. முடிவு நேரம் இவ்வளவு பிசகியதைச் சிலர் குறையாகப் பார்ப்பார்கள். எனக்கோ, எண்களை எழுத்துகளாக்கி, எழுத்துகளைச் சொற்களாக்கி, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாய்வழியாகவே கடத்தி வந்த கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்ததே என்றுதான் தோன்றுகிறது. மூன்றாம் நாள் மதியம் புதுச்சேரியில் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சோழிக் கணக்கின் அடிப்படையை ஒரு மணி நேரம் செய்து பார்ப்போம். கணக்கு வராது என்று பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஆறு நாளில் எங்கெங்கே போகிறோம்?

28-ஆம் தேதி திருவல்லம் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் தங்கல். 29 காலை காஞ்சி கைலாசநாதர் கோயில். இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எடுத்த மணற்கல் கோயில் அது. சுற்றிலும் 58 சிறு சன்னதிகள், ஒவ்வொன்றாக நின்று பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிற்பகல் மாமல்லபுரம்.

30 காலை, வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும். அப்புறம் புதுச்சேரி வழியாகக் கும்பகோணம். 31 காலை கங்கைகொண்ட சோழபுரம். நண்பகலில் கும்பகோணம் திரும்பிச் சாப்பிட்டு, கண்டிப்பாக இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும். மாலை மீண்டும் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம், கிரகணம் பார்க்கும் இடத்துக்கு.

ஜனவரி 1 அன்று யாரையும் காலையில் எழுப்ப மாட்டோம். மாலையில் தாராசுரம் மட்டும். புத்தாண்டு நாளில் தஞ்சைப் பெரிய கோயிலில் நிற்க இடமிருக்காது, ஆகவே அதை 2-ஆம் தேதி காலைக்கு வைத்திருக்கிறோம். அங்கிருந்து அவரவர் ஊருக்கு ரயிலேறலாம்.

மதுரை, திருவண்ணாமலை, இராமேசுவரம் எல்லாம் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். இடம் கூடினால் வண்டியில்தான் உட்கார்ந்திருப்போம்.

மாமல்லபுரம் கடற்கரையிலேயே கிரகணத்தைப் பார்க்கலாமே? கடலும் கோயிலும் நிலாவும் ஒன்றாக இருக்குமே?

எங்களுக்கும் முதலில் அந்த ஆசைதான் இருந்தது. ஆனால் அது டிசம்பர் 31 இரவு என்பதை மறந்துவிடக்கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்தாண்டு இரவு எப்படியிருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். விடுதிகளின் வெளிச்சம், வெடி, ஒலிபெருக்கி, காவல்துறைக் கட்டுப்பாடு. வளாகத்துக்குள்ளும் இரவில் நம்மை இருக்க விடமாட்டார்கள்.

அதனால் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வடக்கே படை அனுப்பி வென்ற இராசேந்திர சோழன், கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றி அங்கே ஓர் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். வெற்றிக்குக் கல்தூண் நடாமல் நீராலேயே ஒரு தூண் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் பாடுகிறது. இப்போது ஊரார் பொன்னேரி என்கிறார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால் மார்கழியில் தண்ணீர் கிடக்கும். ஏரிக்கரைக்கு அருகே ஒரு களத்துமேட்டில், நிலத்துக்காரரின் சம்மதத்தோடு பாய் விரித்து உட்காரப் போகிறோம். சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால் களம் காலியாக இருக்கும், சுற்றிலும் வயல். அந்தப் பக்கம் வானம் இருட்டு.

கோயிலின் சிதைந்த மதிலைப் பார்த்து வருத்தப்படாமல் யாரும் திரும்புவதில்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இங்கிருந்த கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தலைநகரமாக இருந்த ஊர் இன்று கிராமமாக இருக்கிறது. அந்த அமைதிதான் நமக்கு இரவில் துணை.

கிரகணத்தன்று கோயில் நடை சாத்திவிடுவார்களே, எப்படிப் பார்ப்பது?

ஆமாம், வழிபாடு நடக்கும் கோயில்களில் கிரகணத்துக்குச் சில மணி நேரம் முன்பே நடை சாத்துவார்கள். கிரகணம் விட்டபின் கழுவி, புண்ணியாகவாசனம் செய்து, அப்புறம்தான் திறப்பார்கள். காளஹஸ்தி போலக் கிரகணத்தின்போதும் திறந்திருக்கும் கோயில் விதிவிலக்கு. ஆகவே 31 அன்று மதியத்துக்குப் பிறகு எந்தக் கோயிலையும் நாங்கள் திட்டத்தில் வைக்கவில்லை. கும்பகோணத்தில் தங்கியிருக்கும்போது பக்கத்தில் திருநாகேசுவரம் இராகு தலத்துக்குப் போக விரும்புபவர்கள் 1-ஆம் தேதி மாலை போகலாம், ஆனால் கூட்டம் இருக்கும்.

இராகு, கேதுவைக் கல்லில் பார்க்க வேண்டுமானால் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே அருமையான ஒன்று இருக்கிறது. ஒரே கல்லில் செய்த நவக்கிரகம். மேலே விரிந்த தாமரையாகச் சூரியன், சுற்றிலும் மற்ற எட்டுக் கோள்கள், அடியில் தேரை இழுக்கும் குதிரைகள். 31 காலை அதன் முன்னால் சற்று நேரம் நிற்போம். அன்றிரவு வானில் நடக்கப்போவதன் பாத்திரங்கள் அத்தனை பேரும் அந்தக் கல்லில் இருக்கிறார்கள். அதே கோயிலின் வடக்குப் படிக்கட்டருகே, சிவன் சண்டேசுவரருக்குத் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. சோழர் சிற்பங்களில் எனக்கு அதற்கு மேல் ஒன்றில்லை.

அன்றைக்கே ஆருத்ரா தரிசனமும் வருமா? சிதம்பரம் போக முடியுமா?

31-ஆம் தேதி விடியலில் திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் என்று கணக்கு சொல்கிறது. திருவிழா நாளைக் கோயிலும் பஞ்சாங்கமும்தான் சொல்ல வேண்டும், அறிவித்ததும் உங்களுக்குத் தெரிவிப்போம். விழா நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் சிதம்பரத்தில் தேரும் தரிசனமுமாக ஊரே நிரம்பியிருக்கும். எங்கள் வேன் ஊருக்குள் நுழையாமல் புறவழியில் போகும். தரிசனம் முக்கியம் என்பவர்கள் 30 இரவு அங்கேயே தங்கி, 31 மாலை ஐந்து மணிக்குள் கும்பகோணத்தில் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். இதை முன்பே சொல்லிவிட்டால் போதும். திருவாதிரைக் களி கிடைத்தால் எங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

கிரகண நேரத்தில் சாப்பிடலாமா? குளிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் இதெல்லாம் கண்டிப்பு.

உங்கள் வீட்டு வழக்கப்படி நீங்கள் இருக்க எல்லா ஏற்பாடும் உண்டு. மதியத்தோடு உணவை நிறுத்திக்கொள்பவர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு சீக்கிரமே தயாராகும். மற்றவர்களுக்கு மாலை ஏழு மணிக்கு இட்லியும் சட்னியும் களத்திலேயே. கிரகணம் விட்டபின் குளிக்க நினைப்பவர்களுக்கு விடுதியில் வெந்நீர் உண்டு. கொள்ளிடத்தில் குளித்தால் விசேஷம் என்று கேட்டார்கள். இரவில் ஆற்றில் இறங்க அழைத்துப் போக மாட்டோம், இதில் மாற்றமில்லை. தர்ப்பணம் செய்பவர்கள் சொல்லுங்கள், களத்தில் தனி இடம் ஒதுக்குவோம்.

கர்ப்பிணிகள் வரலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சந்திர கிரகணம் கருவைப் பாதிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் சான்று ஏதும் இல்லை. ஆறு நாள் வேன் பயணத்தைப் பற்றித்தான் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும் என்றால் அதையும் யோசியுங்கள். முடிவு உங்களுடையது, எங்களில் யாரும் உங்களிடம் வாதாட மாட்டோம்.

வெறும் கண்ணால் பார்க்கலாமா?

தாராளமாக. கண்ணாடி, வடிகட்டி எதுவும் வேண்டாம். அந்த எச்சரிக்கை எல்லாம் சூரிய கிரகணத்துக்கு. பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள், தொலைநோக்கியைவிட அதில்தான் சிவந்த நிலா உருண்டையாகத் தெரியும்.

நிலா ஏன் மறையாமல் சிவக்கிறது?

பூமியின் நிழலுக்குள் போனாலும் ஒளி முழுவதும் அற்றுப் போவதில்லை. பூமியைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியைச் சற்று வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு மட்டும் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்கிறதோ, எங்கெல்லாம் மறைகிறதோ, அத்தனை இடத்துச் செவ்வானமும் சேர்ந்து நிலாவின் மேல் விழுகிறது.

எவ்வளவு சிவப்பு என்பது காற்றின் தெளிவைப் பொறுத்தது. கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே அமைப்பில் திரும்பி வரும். நம் 2028 கிரகணத்தின் மூத்தது 2010 டிசம்பர் 21-இல் வந்தது, அப்போது நமக்குப் பகல். அதற்கும் மூத்தது 1992 டிசம்பர் 10 விடியற்காலை தமிழ்நாட்டில் தெரியக்கூடியதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பிலிப்பைன்சில் பினதூபோ எரிமலை வெடித்து வானமெங்கும் தூசைக் கிளப்பியிருந்தது. அதனால் அன்று நிலா சிவக்காமல், உலகெங்கும் கரிபோல இருண்டது. இந்த முறை நிலா நிழலின் நடுவுக்குச் சற்று வடக்கே போகிறது. ஆகவே நடுக்கட்டத்திலும் வடக்கு ஓரம் கொஞ்சம் வெளுத்து, தெற்குப் பக்கம் அடர்ந்து தெரியும். அந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

இது நிழல்தான் என்பதை ஆரியபட்டர் 499-லேயே எழுதிவிட்டார். பாம்பு விழுங்குகிறது என்ற பேச்சும் கூடவே வாழ்ந்தது. "திங்களைப் பாம்புகொண் டற்று" என்கிறது குறள். காதலனை ஒரே ஒருநாள் பார்த்தேன், அதற்குள் ஊர்ப்பேச்சு கிரகணம் போல எங்கும் பரவிவிட்டது என்று ஒருத்தி சொல்கிறாள். அந்த உவமை எவ்வளவு சரியானது பாருங்கள். சூரிய கிரகணம் ஒரு குறுகிய தடத்தில்தான் முழுதாகத் தெரியும். சந்திர கிரகணமோ, நிலா தெரியும் ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

மேகம் மூடிவிட்டால்?

டிசம்பர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம். ஆனால் வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை வந்தால் போதும், எல்லாம் மாறிவிடும். உறுதி தர முடியாது, தரவும் மாட்டோம். மூன்றரை மணி நேரக் கிரகணம் என்பதால் இடையிடையே திறப்புக் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது ஒன்றே நமக்குச் சாதகம்.

2025 செப்டம்பர் 7 இரவுக் கிரகணத்தை எங்களில் சிலர் டெல்டாப் பக்கம் ஒரு விடுதியின் மொட்டை மாடியில் பார்த்தோம். மேகம் வந்து வந்து போனது. அதுகூடப் பரவாயில்லை. மாடியின் பெரிய விளக்கை அணைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நிலா முழுதாகச் சிவந்து நின்றபோது எங்கள் கண் அந்த வெளிச்சத்தில் கூசிக்கொண்டிருந்தது. நாலு பேர் கிளம்பி இருட்டான வயல் வரப்புக்கு நடந்து போனோம். அங்கே நின்றபோதுதான் அது என்ன நிறம் என்றே தெரிந்தது. விடுதி மாடி வேண்டாம், களத்துமேடு வேண்டும் என்று இந்த முறை பிடிவாதமாக இருப்பது அதனால்தான். மழையே பிடித்துக்கொண்டால் விடுதிக் கூடத்தில் கல்வெட்டுகளின் நகல்களை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிப்போம்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் சிவந்த நிலா, அப்படி ஒரு படம் எடுக்க முடியுமா?

இந்தக் கிரகணத்தில் கடினம். முழு மறைவின்போது நிலா அறுபது பாகை உயரத்தில், ஏறத்தாழத் தலைக்கு மேல் இருக்கும். கங்கைகொண்ட சோழபுரம் விமானம் சுமார் 55 மீட்டர். அதன் உச்சியும் நிலாவும் ஒரே கோட்டில் வர, விமானத்திலிருந்து முப்பது மீட்டரில் நிற்க வேண்டும், அப்படியானால் வளாகத்துக்குள் இருக்க வேண்டும். அந்நேரம் அது முடியாது. அதற்குப் பதில் அகலமான லென்சில் நிலாவையும் திருவாதிரையையும் ஏரிக்கரைப் பனைகளையும் சேர்த்து எடுங்கள். மொபைலிலும் வரும், ஆனால் முக்காலி கட்டாயம். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும், ட்ரோன் கூடவே கூடாது. கருவறையைப் படமெடுக்காதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாதாமே, அதையும் காட்டுவீர்களா?

விழும். 2-ஆம் தேதி காலை அந்த நிழலுக்குள்ளேயே உங்களை நிற்க வைத்து, அதன் நீளத்தை அளந்து விமானத்தின் உயரத்தைக் கணக்கிடச் சொல்லப் போகிறோம். 216 அடிக்கு எவ்வளவு கிட்டத்தில் வருகிறீர்கள் என்று பார்ப்போம். அந்தக் கோயிலின் பெருமைக்கு இல்லாத அதிசயம் எதுவும் தேவையில்லை.

வயதானவர்கள், குழந்தைகள் வரலாமா?

வரலாம். எட்டு வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. அம்மா அப்பாவை அழைத்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கோயில் பிராகாரங்களில் வெறுங்காலோடு நிறைய நடக்க வேண்டும், காலையில் கல் சில்லிட்டிருக்கும். களத்தில் பெரியவர்களுக்குச் சாய்வு நாற்காலி போடுவோம். வேன் பக்கத்திலேயே நிற்கும், அசதியானால் உள்ளே போய்ப் படுக்கலாம். கழிப்பறைக்குக் களத்துக்காரர் வீட்டில் கேட்டு வைத்திருக்கிறோம்.

கட்டணம் எவ்வளவு?

இன்னும் சொல்லவில்லை. புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை ஏறும், அது தெரிந்தபின் 2028 நடுவில் சொல்வோம். இப்போது பெயர் மட்டும் கொடுத்தால் போதும், முன்பணம் வேண்டாம். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை டிக்கெட் இப்போது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். காஞ்சி கைலாசநாதர், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சை மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

என்ன எடுத்து வர வேண்டும்?

மார்கழிப் பனிக்குத் தலையில் கட்ட ஒரு துண்டோ மப்ளரோ, மெல்லிய கம்பளி, கொசுவுக்குப் பூசும் களிம்பு. டார்ச்சின் முகத்தில் கட்டச் சிவப்புக் கண்ணாடித்தாள் நாங்கள் தருவோம். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதனால் 8.30 முதல் களத்தில் மொபைல் திரையைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். படம் எடுப்பவர்களுக்கு ஓரமாகத் தனி இடம் உண்டு.

பன்னிரண்டு மணிக்கு ஊருக்குள் எப்படியும் வெடி வெடிப்பார்கள். அப்போது நிலாவின் ஓரத்தில் கடைசிக் கீற்று நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது விலக இன்னும் ஆறு நிமிடம் ஆகும், வாழ்த்தெல்லாம் அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சுக்குக் காபி தயாராக இருக்கும்.